‘இந்த மாசமாவது’ என்று கேட்டால் என்ன பதில் போடுவது?

கேள்வி: எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு நான் பொருளாளர். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “மேடம், இந்த மாசமாவது கணக்கைப் போடுவீங்களா?” என்று கேட்டார். “5ஆம் தேதி போட்டுடுறேன் சார்” என்றேன். மாதம் தவறாமல் போடுகிறவள் நான். இப்போது புதிதாகக் குடிவந்தவர்கள்கூட, கணக்கே வருவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அவர் குற்றம் எதுவும் சொல்லவில்லையே?

பதில்: சொல்லியிருக்கிறார் அம்மா, அந்த ‘ஆவது’வில். மேலே இருப்பது கேள்வி: இந்த மாதம் வருமா? அடியில் இருப்பது செய்தி: இதுவரை வரவில்லை. நீங்கள் “போடுறேன்” என்றாலும் “முடியாது” என்றாலும் அடியில் இருப்பது அசையாது. முன்னனுமானம் என்பார்கள், பெயரை விடுங்கள். பழைய கதை தெரியாத புதுக் குடித்தனக்காரர், ‘எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல’ என்று சத்தமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டுவிடுவார். நீங்களும் மறுக்கவில்லை.

எனவே அடியில் இருப்பதற்கு முதலில் பதில்: “சார், போன மாசக் கணக்கு இதே குழுவில் இருக்கு.” அந்தப் பழைய பதிவையே எடுத்து அதன்மேல் பதில் போடுங்கள். தேதியெல்லாம் பிறகு. இதை அன்றைக்கே செய்ய வேண்டும். நாற்பது ‘குட்மார்னிங்’ வந்து விழுந்தபின் யாரும் மேலே போய்ப் பார்ப்பதில்லை.

எல்லா ‘ஆவது’வும் குத்தல் இல்லை. ‘யாராவது’, ‘எப்பவாவது’ பாவம், ஒன்றும் செய்யாது. ‘மூன்றாவது மாடி’ வேறு சாதி. “ஒரு வாய் காபியாவது குடிங்க” என்பதிலும் ‘நீங்க ஒண்ணுமே சாப்பிடலை’ என்பது அடியில் போகிறது. ஆனால் அது உபசாரம். அங்கே போய், “போன தடவை குடிச்சேனே” என்று கணக்கு காட்டாதீர்கள். அடியில் இருப்பது உங்கள் பெயரைக் கெடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘ஆவது’ மட்டுமல்ல, ‘உம்’மும் இப்படித்தான் அடியில் செய்தி வைக்கும். நன்னூல் ‘உம்’முக்கு 8 பொருள் சொல்கிறது. எச்ச உம்மைக்குச் ‘சாத்தனும் வந்தான்’ என்று நம் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண்ணுக்கு நெட்டுரு போடுகிறார்கள். “நீங்களும் பணம் எடுத்தீங்களா?” என்று ஒருவர் கேட்டால் அதுவும் அதே ‘உம்’தான், யாரோ ஏற்கெனவே எடுத்தாயிற்று என்கிறது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

உங்களை விடவும் என் கவலை வேறு ஆட்கள்மேல். கேள்வியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த குழுவில் போடும் வம்புத் தரகர்கள் ஒருபக்கம். மோசடிக்காரர்கள் மறுபக்கம்: “உங்கள் நிலுவைத் தொகை கட்டப்படாததால் இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்.” நிலுவை இருக்கிறதா என்ற நினைப்பே வராது, எப்படிக் கட்டுவது என்றுதான் கை பதறும். அதில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டு மின்வாரியத் தளத்தில் நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். நிஜமான நிறுவனங்களும் இதே நடையில்தான் மிரட்டிக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. பிறகு ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பார்கள்!

நீங்கள் பதில் போட்டதும், “மேடம் ஏன் இவ்வளவு கோபப்படுறாங்க?” என்று வரும் பாருங்கள். காரணம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். “கோபம் இல்லை சார்” என்பதை முதலில் போடுங்கள்.