ஆச்சி பதில்கள்: பெட்டியடிப் பையன் வயதுக்கு நூலகத்தில் என்ன வேலை?

(கிளை நூலகராக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காரைக்குடி ஆச்சி, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் செயலாளர். காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். சாயங்காலம் படக்கதை தேடிச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் நாள் முழுக்க இருக்கிறார்கள். எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளைத்தான் காணோம். நவம்பரில் நூலக வார விழாவுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வைத்தோம். பள்ளியில் அனுப்பினார்கள், வந்தார்கள். சான்றிதழ் வாங்கியதோடு சரி. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, நானும் பல வருஷம் போட்டிதான் வைத்தேன். அதே ஏழெட்டுப் பிள்ளைகள்தான் திரும்பத் திரும்பப் பரிசு வாங்கினார்கள். மற்றவர்கள் நம் வாசலை மிதிக்கவே கூச்சப்பட்டார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளையை நம்பிப் பொறுப்பான வேலை கொடுத்தால் அது எங்கேயும் போகாது. நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இது புதிதா? பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்தான் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் பையனாக, கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனான். கடையில் மேலாள் சொல்லச் சொல்லக் கணக்கு எழுதினான்.

எனக்கு இது உறைத்ததே ஒரு பேரேட்டால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, மஞ்சள் பையில் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா வேலை பார்க்கிற வீட்டில் உள்பக்கத்து இரண்டாம் கட்டுப் பகுதியை ஒழித்தபோது எடைக்குப் போட வைத்திருந்தார்களாம், கேட்டு வாங்கிவந்திருக்கிறாள். "ஆச்சி, கணக்குன்னு சொல்றாங்க, இதுல நம்பரே இல்லையே" என்றாள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் தமிழ் எண். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். ௨௱௫௰. "ரெண்டு நூறு... அஞ்சு பத்து... இருநூத்தி ஐம்பது ஆச்சி!" என்று கத்தியே விட்டாள். குரூப் 4 பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நான்கு பேரைக் கூட்டிவந்தாள். மூன்றாவது வாரம் அவர்கள் தங்கள் வீட்டு செல்போன் நம்பரைத் தமிழ் எண்ணில் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலிருந்தும் ஏதாவது வந்தது. அப்பத்தா கல்யாணப் பத்திரிகை, தேர்த் திருவிழா நோட்டீஸ், பர்மாவிலிருந்து வந்த கடிதம். ஒவ்வொன்றையும் எந்த வீடு, எந்த வருஷம், யார் கொடுத்தது என்று நோட்டில் பதிந்து, படம் எடுத்து, வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று ஒன்று விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அதைச் சொன்னபோது ஒரு பையன், "கோட்டையூர் நம்ம ஊர்லேருந்து சைக்கிள்ல போற தூரந்தானே ஆச்சி" என்றான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

நீங்கள் தொடங்கும்போது சிலதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அதனால் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வையுங்கள். சாயங்காலம் வைத்தால் டியூஷனோடு மோதும், பஸ்ஸில் வருகிற பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். ஜூன், ஜூலையில் ஆரம்பியுங்கள். பொங்கலுக்குப் பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பொதுத்தேர்வு பிடித்துக்கொள்ளும். பேச்சுச் சத்தம் வரத்தான் செய்யும். எங்கள் நூலகத்தில் ஒரு பெரியவர் புகார் எழுதியே கொடுத்துவிட்டார். நான் மேசையைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போட்டேன், பிள்ளைகளை அனுப்பவில்லை. முக்கியமானது, வாசகர் வட்டக் கூட்டத்தில் அவர்களில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும்.

கேள்வி: நான் பத்தாவது படிக்கிறேன் ஆச்சி. கதை எழுதுகிறேன். வீட்டில் காட்டினால் பாடம் படி என்கிறார்கள். நூலகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?
– ஒரு மாணவி, பள்ளத்தூர்

பதில்: கண்ணு, கையெழுத்துப் பத்திரிகை தொடங்கு. உன் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் எழுதுவார்கள், ஒருத்தி படம் போடுவாள். அது போதும். ஒரே பிரதிதான், நல்ல கையெழுத்து உள்ளவர் எழுதட்டும். நூலகரிடம் கேட்டு நாளிதழ் மேசையில் வை. கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டு, 'படித்தவர் கருத்து எழுதவும்' என்று போடு. முன்பின் தெரியாத ஒருவர் உன் கதையைப் படித்து இரண்டு வரி எழுதியிருப்பதைப் பார்க்கிற அன்றைக்கு உனக்குத் தூக்கம் வராது. மூன்று மாதத்துக்கு ஓர் இதழ் போதும், பரீட்சையையும் விட்டுவிடாதே. முதல் இதழ் வந்ததும் எனக்கு எழுது, நானே வந்து படிக்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த நூலகத்தில் பணம் இல்லை என்கிறார்களே?
– ஒரு தகப்பனார், காரைக்குடி

பதில்: உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆகையால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசகர் வட்டத்தில் எழுத்தாக எழுதிக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேரலாம். நான் சொன்ன பேரேட்டு வேலைக்கு ஆன செலவு இரண்டு நீள நோட்டு, கொஞ்சம் பேனா. அவித்த கடலை பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.