கைகட்டி நின்ற மகன்

அன்புள்ள அம்மா,

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ஓர் ஆங்கிலக் குறுநாவலைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு கிழவர் ஏதோ ரகசியத்தைச் சொல்லிவிட்டுத் தன் மூக்கின் பக்கவாட்டில் விரலால் தட்டுகிறார். 'மூக்கின் மேல் விரல் வைத்தார்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், 'சொன்னவரே எதற்கு ஆச்சரியப்படுகிறார்?' என்று கேட்டார். இதை எப்படி எழுதுவது? இந்த மாதிரி சைகைகளுக்கெல்லாம் அடிக்குறிப்பு போடலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

அந்த நண்பருக்கு ஒரு டிகிரி காபி வாங்கிக் கொடுங்கள். இங்கிலாந்துக்காரர் மூக்கோரத்தில் ஆட்காட்டி விரலால் தட்டினால் 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று பொருள். 'உனக்கு எதற்கு அது?' என்றும் சில இடங்களில் வரும். முந்தைய வரியில் யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அநேகமாக இரண்டாவது பொருள்தான். உங்கள் கிழவருக்கு முதலாவது. 'மூக்கோரத்தில் விரலால் தட்டி, வெளியே போகக் கூடாது என்பதுபோல் பார்த்தார்' என்று எழுதினால் முடிந்தது.

அடிக்குறிப்பு வேண்டவே வேண்டாம். 'ரோமியோ ஜூலியட்' முதல் காட்சியில் ஒரு வேலைக்காரன் எதிராளிகளைப் பார்த்துக் கட்டைவிரலைக் கடிக்கிறான். அதைப் பொறுத்துக்கொண்டால் அவர்களுக்குத்தான் இழிவு என்று கடிக்கிறவன் வாயாலேயே ஷேக்ஸ்பியர் சொல்லவைத்துவிடுகிறார். குறிப்பு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

மூக்கை விடுங்கள். தெரியாத சைகை என்றால் நாலு பேரிடம் கேட்பீர்கள். தெரிந்தது மாதிரி இருக்கிற சைகைதான் ஆளைக் கவிழ்க்கும். சில நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததும் இதுதான். உங்கள் அத்தியாயத்தில் மகன் சொத்தை விற்க மறுக்கிற இடத்தைப் பாருங்கள். 'அப்பா முன் கைகட்டி நின்றான்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'ஃபோல்டட் ஹிஸ் ஆர்ம்ஸ்' என்றுதானே இருந்திருக்கும்? அடுத்த வரியிலேயே 'முடியாது' என்கிறான். கைகட்டி நிற்கிறவன் எங்கேயாவது 'முடியாது' என்பானா? காவிரிக்கரையில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா தம்பி?

கைகட்டுவது இந்த மண்ணில் வெறும் உடல் நிலை கிடையாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, முதுகைக் கொஞ்சம் வளைத்து, மிராசுதார் வீட்டு வாசலில் பண்ணையாள் நின்ற நிலை அது. கூடவே வாயையும் பொத்திக்கொள்ள வேண்டும். மூச்சுக்காற்று எஜமான் மேல் படக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பண்ணை போனாலும் சொல் போகவில்லை. 'அவன்கிட்ட போய்க் கைகட்டி நிக்கணுமா?' என்று இன்றைக்கும் கேட்கிறோம்.

ஆங்கில நாவலில் கைகள் மார்பின் குறுக்கே போனால், பெரும்பாலும் அந்த ஆள் கதவைச் சாத்திக்கொண்டான் என்று அர்த்தம். மறுப்பு, பிடிவாதம், சில நேரம் தற்காப்பு. குளிராகவும் இருக்கலாம், பனியோ சன்னலோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிலையிலும் கை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வித்தியாசம் முதுகிலும் முகவாயிலும். நம்முடையதில் முதுகு வளையும், பார்வை தரைக்குப் போகும். அவர்களுடையதில் முதுகு நிமிரும், பார்வை எதிராளியின் முகத்தில் நிற்கும். ஆகவே கையை விட்டுவிட்டு முதுகை எழுதுங்கள்: 'கைகளை மார்பின் குறுக்கே போட்டு நிமிர்ந்து நின்றான்.' 'கட்டி' என்ற சொல் அந்தப் பக்கமே வரக் கூடாது.

இதற்குத் தங்கை ஒன்று உண்டு: 'ஃபோல்டட் ஹேண்ட்ஸ்'. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் கும்பிடுவதை அப்படி எழுதி நம்மைப் பழக்கிவிட்டன. இங்கிலாந்து நாவலில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்திருந்தால் கும்பிடவில்லை. விரல்களைக் கோத்தோ, ஒரு கைமேல் மற்றொன்றை வைத்தோ மடியில் போட்டிருக்கிறாள். உங்கள் பதினோராம் பக்கத்து அத்தை யாரைக் கும்பிட்டுக்கொண்டு தேநீருக்குக் காத்திருக்கிறாள்?

'கையை விரித்தான்' என்பதிலும் கவனம். ஆங்கில மூலத்தில் அவன் சலித்துப்போய் இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறான். நாம் எழுதினால் 'காசு இல்லை' என்று ஆகிவிடும். 'கையைப் பிசைந்தாள்' மட்டும் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்று, நிம்மதியாக எழுதலாம்.

'வேவ்' என்ற வினை வருகிற இடமெல்லாம் 'கையசைத்தான்' என்று தள்ளிவிட்டிருக்கிறீர்கள். வினையைத் தொடர்கிற குட்டிச்சொல்லில்தான் பொருள் இருக்கிறது. 'அவே' என்றால் போகச் சொல்கிறான், 'இன்' என்றால் உள்ளே வரச் சொல்கிறான், 'ஆன்' என்றால் வழிவிடுகிறான். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓர் அசைவில் பிடித்த ஒரு நொடி. கை எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதைப் பார்க்கிறவர்தான் முடித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்தக் குட்டிச்சொல்லாவது இருக்கிறது.

எல்லாச் சைகைக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பூம்புகார் உங்களுக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். அங்கே நடக்கிற சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும்போது, எழிற்கை, தொழிற்கை என்று பிரித்திருக்கிறது. உரைகாரர் பொருட்கையையும் சேர்க்கிறார். அழகுக்கு ஒரு கை, வேலைக்கு ஒரு கை, பொருள் சொல்ல ஒரு கை. நாவலிலும் அப்படியே பிரித்துப் பாருங்கள். கிழவர் சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டுவது தொழிற்கை, அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். அவர் மூக்கைத் தட்டுவது பொருட்கை. அங்கே பேனாவை வைத்துவிட்டு அந்தச் சைகையை நீங்களே செய்து பாருங்கள்: உள்ளங்கை எந்தப் பக்கம், முழங்கை எவ்வளவு உயரம், யார் பார்க்கச் செய்கிறார். பிரிட்டனில் இரண்டு விரலை விரித்து உள்ளங்கையை வெளியே காட்டினால் வெற்றி, புறங்கையைக் காட்டினால் வசவு. மணிக்கட்டு திரும்பியதை நீங்கள் கவனிக்காவிட்டால் வசவு வாங்கியவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புகிறேன். 'கைகட்டி' ஏழு இடத்தில் இருக்கிறது. ஆறை அடித்திருக்கிறேன். ஏழாவதில் வருகிறவன் தோட்டக்காரன், எஜமானியம்மாளிடம் சம்பளம் கேட்கிறான். அங்கே மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.