ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் உடம்பைப் பற்றிக் கேளுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பொது மருத்துவன், ஹாஜியாகவும் போய் வந்தவன். மசாயில்களை, அதாவது மார்க்கச் சட்டக் கேள்விகளை, உங்கள் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள், உடம்பைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

டாக்டர், அத்தாவுக்கு 68 வயது, 15 வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். கூட்டிப் போகலாமா?

போகலாம் தம்பி, ஆனால் அவருடைய டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போட்டால் உறைந்து போகலாம், உறைந்ததைப் பிறகு போடவே கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும், நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. தவாஃப் (கஃபாவைச் சுற்றுவது), சயீ (சஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பது) என்று நடக்கிற நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கும், ஆண்கள் உடுத்தும் தையலில்லாத இஹ்ராம் துணியில் பாக்கெட் ஏது, அதனால் இடுப்புப் பையில் நாலு மிட்டாய் போட்டு வையுங்கள்.

எனக்கு இன்சுலினை விடக் கவலை கால்தான். பள்ளிவாசலின் ஒரு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்து, கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு ரூமுக்கு நடக்கிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது, ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்! செருப்பைப் பையில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தை நீங்களே பாருங்கள், அத்தா "ஒன்றுமில்லை" என்பார், நம்பாதீர்கள்.

2024இல் நடந்ததைக் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். அந்த வருஷம் மக்காவில் 51.8 டிகிரி வரை போனது, 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு சொன்னது. அதில் 83 சதவீதம் பேர் பதிவில்லாமல் போனவர்கள், கூடாரமும் ஏசி பஸ்ஸும் இல்லாமல் வெயிலிலேயே நெடுந்தூரம் நடந்தவர்கள். இன்றும் "குறைந்த காசு, விசிட் விசாவில் ஹஜ்" என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள்.

ஆண்களும் குடை பிடிக்கலாம், இஹ்ராமில் அதற்குத் தடையில்லை. தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள், ஓஆர்எஸ் பவுடர் எடுத்துப் போங்கள். இதய நோயாளிகளும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கூட வந்தவர் உளற ஆரம்பித்தாலோ இடம் தெரியாமல் முழித்தாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 997க்கு அடியுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாரசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

போன வருஷம் உம்ராவுக்கு (மக்காவுக்குப் போகும் சிறு யாத்திரை) மூளைக்காய்ச்சல் ஊசி போட்டேன் டாக்டர், திரும்பவும் போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஊசி வகையைப் பொறுத்து 3 அல்லது 5 வருஷம் செல்லும், அட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போடுங்கள். 2000ஆம் வருஷ ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் கிருமியில் டபிள்யூ135 என்ற வகை பரவி, ஹாஜிகள் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது, அதனால்தான் நாலு வகைக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். ஃப்ளூ ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம் சகோதரி, ஆனால் கிளம்புகிற வாரம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

போனவர் எல்லாரும் இருமலோடு வருகிறார்களே, ஆன்டிபயாடிக் கட்டி எடுத்துப் போகட்டுமா?

வேண்டாம் பாய். பெரும்பாலும் வைரஸ், தானே போகும். கூட்டத்தில் மாஸ்க் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாளில் விடாவிட்டாலோ இந்திய ஹஜ் மிஷன் மருத்துவ மையத்துக்குப் போய்விடுங்கள்.

ஹஜ்ஜில் மொட்டை அடிக்கிறோமே, அதற்கு?

அனுமதி பெற்ற சலூனில், கண் முன்னால் பிரித்த புது பிளேடு. ஒருவர் பிளேடை இன்னொருவர் வாங்கி வழிப்பதில் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து வரும், சொந்தத் தம்பியின் பிளேடாக இருந்தாலும் சரி.

ஒட்டகப் பால் குடித்தால் தெம்பாமே?

காய்ச்சாததைத் தொடவே வேண்டாம். 2012இல் சவூதியில் கண்டறிந்த மெர்ஸ் என்ற நுரையீரல் வைரஸ் நோய் ஒட்டகத்திடமிருந்து தொற்றுகிறது, ஒட்டகத்தோடு செல்ஃபியும் வேண்டாம்.