தினமும் நடந்தும் தரையிலிருந்து எழ முடியவில்லையே?

கேள்வி: வயது 66, ஊர் பென்னாகரம் பக்கம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் போன மாதம் கோயில் அன்னதானத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு, பேரன் கை கொடுத்துத்தான் எழுந்தேன். தொடை வேறு சூம்பிக்கொண்டே போகிறது. இன்னும் அதிகமாக நடக்கட்டுமா?

பதில்: நடையைக் கூட்ட வேண்டாம், இப்போது நடப்பதே தாராளம். "நான்தான் தினமும் நடக்கிறேனே டாக்டர்" என்று என்னிடம் சொல்லாத பெரியவர் குறைவு. நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. தரையிலிருந்து எழுவதற்கோ கிட்டத்தட்ட முழுப் பலமும் வேண்டும். வயதானால் முதலில் மெலிவது சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள். வெறும் நடையால் அவை தேறாது.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். கை வைக்காத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பேரன் போனில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மருந்தும் அந்த நாற்காலிதான். பாதங்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணியபடி இறங்குங்கள். மெல்ல இறங்கும்போதும் தசைக்கு நல்ல வேலை. வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது, பிரஷர் உள்ளவர்களுக்கு அது முக்கியம். பத்து முறை எழுந்து உட்கார்ந்தால் ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். முட்டியில் வலி குத்தினால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பல் துலக்கும்போது சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்.

அடுத்தது சாப்பாடு. நம் ஊர்க் களியில் கால்சியம் நிறைய, நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. புரதம் மட்டும் ஏழு கிராம்தான். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இந்த வயதில் ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். அதனால் களி உருண்டையைச் சின்னதாக்கிவிட்டுக் கொள்ளுக் கடைசலையோ அவரைக்கொட்டைக் குழம்பையோ தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தினம் ஒன்று சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. குடிப்பது போர் தண்ணீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலுள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். தாடையைத் தாழ்த்தி நெஞ்சைத் தொட முடியவில்லை, முதுகை வளைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும். குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

ஒரு கால் மட்டும் மெலிந்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் அன்றைக்கே போக வேண்டும். அப்புறம், இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றலாம்.