கோலா விளம்பரம் யாரிடம் பேசுகிறது? – கேள்வி பதில்

சென்னையில் விளம்பர நிறுவனங்களில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் குளிர்பான விளம்பரங்கள் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

விஸ்காம் மாணவி, திருச்சி: சார், கோக், பெப்சி இரண்டிலும் இருப்பது சர்க்கரை, கேஸ், நிறம், வாசனைதான். பிறகு ஏன் விளம்பரத்துக்கு இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறார்கள்?

நீங்கள் சொன்னதுதான் காரணம். உள்ளே பெரிய வித்தியாசம் இல்லாததால் வெளியே ஒன்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

1975இல் பெப்சி அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு சோதனையை ஆரம்பித்தது. பெயரை மறைத்து இரண்டு கோப்பைகள் வைப்பார்கள். குடித்துப் பார்த்து எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். பெப்சியைக் காட்டியவர்கள் அதிகம். இது நாடு முழுக்கப் பரவ, கோக் ஆடிப்போய் 1985 ஏப்ரலில் இன்னும் கொஞ்சம் இனிப்பான புதிய கோக்கைக் கொண்டுவந்தது. ருசிச் சோதனைகளில் அது ஜெயித்த பானம். ஆனாலும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள், ஜூலையிலேயே பழைய கோக் திரும்பி வந்துவிட்டது.

2004இல் ஹூஸ்டனில் மூளை ஸ்கேனோடு ஓர் ஆய்வு நடந்தது. பெயர் தெரியாமல் குடித்தபோது விருப்பம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்தது. கோக் கேன் படத்தைக் காட்டிவிட்டுக் கொடுத்தபோது கோக் பக்கம் சாய்ந்தது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியும் அப்போது சுறுசுறுப்பானது. பெப்சி படத்துக்கு அந்த விளைவு வரவில்லை. இத்தனை வருஷ விளம்பரச் செலவு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் புராஜெக்டுக்கு ஒரு யோசனை. எந்த நடிகர் வருகிறார் என்பதை விட்டுவிட்டு, பானத்தை எந்தத் தருணத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள் என்று பாருங்கள். வெயில், பிரியாணி, கிரிக்கெட், வீட்டுக்கு வரும் விருந்தாளி. நடிகர் இரண்டு வருஷத்தில் மாறுவார். பிரியாணி மாறாது.

கோயம்புத்தூர் வாசகர்: தம்ஸ் அப் விளம்பரத்தில் மட்டும் ஏன் எப்பவும் ஒருத்தன் எங்கிருந்தாவது குதிக்கிறான்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1977இல் கோக் இந்தியாவை விட்டு வெளியேறியபோது பார்லே நிறுவனம் கொண்டுவந்ததுதான் தம்ஸ் அப். 1993இல் திரும்பி வந்த கோக், தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் பார்லேயிடமிருந்து வாங்கிவிட்டது. இப்போது ஒரே முதலாளி கையில் இரண்டு கோலா. ஒன்றின் வாடிக்கையாளரை இன்னொன்று தின்னக்கூடாது அல்லவா? அதனால் மனிதர்களைப் பிரித்தார்கள்.

குடும்பம், நண்பர்கள், பண்டிகை எல்லாம் கோக்குக்கு. ‘நான் சின்னப் பையன் இல்லை’ என்று காட்டத் துடிக்கும் இளைஞன் தம்ஸ் அப்புக்கு. அதன் காரமான கேஸும் அதற்குத் தோதாக அமைந்தது. அதே கம்பெனியின் ஸ்பிரைட், இந்த ஹீரோத்தனத்தைப் பார்த்துச் சலித்தவனுக்கு. மற்றவர்களின் பில்டப்பைக் கிண்டல் செய்வதே பல ஸ்பிரைட் விளம்பரங்களின் கதை. பெப்சி கம்பெனியின் மவுண்டன் டியூ, பயத்தைத் தாண்டுவதைப் பிடித்துக்கொண்டது. இலக்கு என்றால் வயதும் வருமானமும் மட்டும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில், ஒருவன் தன்னை யாராக நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான் என்பதுதான் இலக்கு. இந்தச் சாகசக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் பார்த்து வியப்பதற்கு மட்டுமே வந்தார்கள். அது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

டயட் கோக் இருக்கும்போது கோக் ஜீரோ எதற்கு?

ஆண்களுக்காக. 1982இல் வந்த டயட் கோக்கை அமெரிக்காவில் பெண்களின் பானமாகவே பார்த்தார்கள். இளைஞர்கள் அதைக் கையில் பிடிக்கக் கூசினார்கள். 2005இல் வேறு பெயரில் ஜீரோ வந்தது, பிறகு கறுப்பு கேன். சர்க்கரை இரண்டிலும் இல்லை.

ஈரோடு, எட்டு வயதுப் பையனின் அம்மா: விளம்பரம் வந்தாலே வாங்கிக் கொடு என்று அழுகிறான். குழந்தைகளுக்கு இதைக் காட்டக்கூடாது என்று சட்டம் இல்லையா?

இருக்கிறது அம்மா. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் சேனல்களிலும் கார்பனேட் பானங்களை விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய அரசின் 2022 வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. பள்ளி வளாகத்திலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களுக்கு விளம்பரம் கூடாது என்று 2020இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் கிரிக்கெட் மேட்ச் குழந்தைகள் நிகழ்ச்சி இல்லையே! உங்கள் பையன் அப்பா மடியில் உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான். இந்த ஓட்டையை அடைக்காமல் விதி மட்டும் எழுதிப் பலனில்லை என்பது என் உறுதியான கருத்து.

டிவியை அணைப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். ‘இவங்க ஏன் சிரிக்கிறாங்க? பாட்டிலை எடுத்துட்டா சிரிக்க மாட்டாங்களா?’ எட்டு வயதுக்கு இது நன்றாகப் புரியும். அப்புறம் பாட்டில் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கால் லிட்டர் பாட்டிலிலேயே அது முடிந்துவிடும்.

குழந்தைகளின் கேள்விக்குப் பலமில்லை என்று நினைக்காதீர்கள். ‘எங்க டீச்சர் விஷம்னு சொல்றதை நீங்க ஏன் விளம்பரம் பண்றீங்க?’ என்று ஜெய்ப்பூரில் ஒரு சிறுமி கேட்டதால்தான் பெப்சி விளம்பரத்தை விட்டேன் என்று 2014இல் அமிதாப் பச்சனே சொன்னார்.

மதுரை வாசகர்: பெரிய விளம்பரம் இல்லாமலே பொவண்டோ நிற்கிறதே, அண்ணா?

ஊர்ப்பாசம்தான் அதன் விளம்பரம். 1916இல் பழனியப்ப நாடார் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பானம் அது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பலர் பொவண்டோவைத் தேடிப் போனார்கள். எனக்கும் பிரியமான ருசி. ஆனால் அந்தப் பாசமும் ஓர் உணர்ச்சிதான். சர்க்கரைக் கணக்கில் அதற்குச் சலுகை கிடையாது.

பெட்டிக்கடைக்காரர், தூத்துக்குடி: கம்பெனிக்காரங்க இலவசமா ஃபிரிட்ஜும் பெயர்ப்பலகையும் தர்றாங்க. இதுவும் விளம்பரக் கணக்கா தம்பி?

அண்ணாச்சி, இருப்பதிலேயே முக்கியமான விளம்பரம் அதுதான். டிவியில் ஆசையைக் கிளப்பலாம். வெயிலில் வந்து நிற்பவன் முதலில் பார்ப்பது உங்கள் ஃபிரிட்ஜ் கதவை. விலையும் அப்படித்தான். 2003 வாக்கில் கோக், ஆமிர் கானைக் கிராமத்து ஆளாகவும் கடைக்காரராகவும் நடிக்கவைத்து விளம்பரம் போட்ட அதே காலத்தில் 200 மில்லி பாட்டிலை 5 ரூபாய்க்குக் கொடுத்தது. அந்த 5 ரூபாய் இல்லாவிட்டால் கிராமத்தில் அவர் நடிப்பை ரசித்துவிட்டு மோர் குடித்திருப்பார்கள். 2023இல் ரிலையன்ஸ் மறுபடி இறக்கிய, அந்தக் காலத்து இந்தியக் கோலாவான கேம்பாவும் பழைய ஞாபகத்தை மட்டும் நம்பவில்லை, 10 ரூபாய் பாட்டிலையும் சேர்த்தே இறக்கியது. ஃபிரிட்ஜ் வாங்கும்போது, அதில் வேறு கம்பெனி சரக்கை வைக்கலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணர்ச்சியைத் தொட்டு அடி வாங்கியது உண்டா?

2017 ஏப்ரலில் பெப்சி. ஒரு போராட்ட ஊர்வலத்தில் மாடல் கெண்டல் ஜென்னர் போலீஸ்காரருக்கு ஒரு கேன் பெப்சி நீட்ட, கூட்டமே ஆரவாரம் செய்வதாக விளம்பரம். கறுப்பினத்தவர் போலீஸ் வன்முறைக்கு எதிராகத் தெருவில் நின்ற காலம் அது. வெளியான மறுநாளே மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள். 1971இல் கோக், பல நாட்டு இளைஞர்களை இத்தாலியில் ஒரு குன்றின் மேல் நிறுத்திப் பாடவைத்ததும் ஒற்றுமை பற்றித்தான். அதில் யாருடைய போராட்டத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை; சேர்ந்து பாடுவோம் என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெப்சி, அடிபட்டவர்களின் வலிக்குத் தன் கேனை மருந்தாகக் காட்டியது. அந்த விளம்பரம் பலர் கையைத் தாண்டித்தானே வெளியே வந்திருக்கும். அந்த அறையில் ஒருவராவது ‘இது வேண்டாம்’ என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.