கோத்தகிரிக் குளிர் ரஷ்யாவில் கைகொடுக்குமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி, வீட்டில் படுகு பேசுவோம். மகள் நீட் தேறி, எம்.பி.பி.எஸ். படிக்க ரஷ்யா போகிறாள். குளிர் அவளுக்குப் பழக்கம்தான். வேறு எதற்குத் தயார்படுத்த வேண்டும்?

பதில்: மலைக்காரர்கள் ஏமாறுவதே குளிரில்தான். நான் குன்னூர்க்காரன், அம்மா பின்னிய கனத்த ஸ்வெட்டரோடு போய் இறங்கினேன். நம் ஊரில் குளிர் வீட்டுக்குள்ளும் கூடவே வரும், ஸ்வெட்டரோடுதான் தூங்குவோம். அங்கே தெருவில் மைனஸ் 20, வகுப்பறையில் ஹீட்டர் போட்டு 22. உள்ளே நுழைந்ததும் வியர்க்கும், மூக்கு வறண்டு ரத்தம் எட்டிப்பார்க்கும். கழற்றி மாட்ட வசதியாக மெல்லிய உடுப்புகள் நாலைந்து, ஒரு டப்பா வாசலின் போதும். கோட்டும் பூட்சும் அங்கேயே வாங்கட்டும்.

சரி, பெரிய சிக்கல் மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளிக்கு ரஷ்ய மொழியில்தான் வலிக்கும். மூன்றாம் ஆண்டு வார்டில் ஒரு பாட்டியிடம் ‘க்தே பலீத்?’, அதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கேள்வி மனப்பாடம், பதில்தான் புரியவில்லை. நம் பாட்டிகள் ‘சுருக்குனு குத்துது’, ‘திகுதிகுன்னு எரியுது’ என்பார்களே, அதுபோல ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். படுகு, தமிழ், ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைக்கு நான்காவது மொழி வந்துவிடும். ஆனால் நம் பிள்ளைகளோடு மட்டும் விடுதியில் அடைந்துகிடந்தால் வராது. முதல் மாதத்திலிருந்தே சந்தைக்குத் தனியாகப் போய்க் காய்கறி வாங்கட்டும்.

அப்புறம் அத்ரபோத்கா. ஒரு வகுப்பு தவறினாலும், அந்தப் பாடத்தைப் பிறகு ஆசிரியரிடம் ஒப்பித்துத் தீர்க்க வேண்டும். சேர்த்துவைத்தால் தேர்வு நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

டிசம்பரில் பல ஊர்களில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அழுகை வருவது அப்போதுதான். ‘சாப்பிட்டியா’ என்பதோடு போனை வைக்காமல், ‘இன்னைக்கு வெளியே போனியா’ என்றும் கேளுங்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறாள் என்று தெரிந்தால், அங்கேயே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

பணம் கட்டுமுன் ஒன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, ஆங்கிலவழிப் படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் பயிற்சி 12 மாதம் இருக்க வேண்டும். படிப்பு முடிந்தால் அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதியும் கிடைக்க வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் திரும்பி வந்து எழுதும் எஃப்.எம்.ஜி. தேர்வில் 300 கேள்விக்கு 150 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. இங்கேயும் ஓராண்டு பயிற்சி உண்டு. ஏஜென்ட் ‘எல்லாம் இருக்கு சார்’ என்பார். கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.