"வழக்கு பெங்களூருவில் மட்டும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால்: கேள்வி பதில்

திருநெல்வேலி வாசகர்: சார், வீட்டு இன்டீரியர் வேலைக்கு ஒரு நிறுவனத்துக்கு 3 லட்சம் கட்டினேன். வேலை பாதியில் நிற்கிறது. பணத்தைக் கேட்டால், "எந்த வழக்கும் பெங்களூரு நீதிமன்றத்தில்தான்" என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார்கள். நான் எப்படி அங்கே அலைவது?

பதில்: அலைய வேண்டாம். திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுங்கள். 1986-ம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகமோ கிளையோ இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோதான் போக முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் தருபவர் குடியிருக்கும் ஊரையும் வேலை பார்க்கும் ஊரையும் சேர்த்துவிட்டது. சட்டம் கொடுத்த இந்த உரிமையை, அவர்களே அச்சடித்து நீட்டிய தாளில் நீங்கள் போட்ட கையெழுத்து பறித்துவிட முடியாது. "இங்கே வழக்கு செல்லாது" என்று அவர்கள் ஆட்சேபித்தால் 34-வது பிரிவைச் சொல்லுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அதைத் தவறவிடாதீர்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மதுரை வாசகி: என் ஒப்பந்தத்தில், தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறதே?

பதில்: அதுவும் தடையில்லை. எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோவை வாசகர்: அப்படியென்றால் "வழக்கு இந்த ஊரில் மட்டும்" என்ற ஷரத்து எப்போதுதான் செல்லும்?

பதில்: வியாபாரிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களில் செல்லும். ஒரு வழக்கை விசாரிக்க இரண்டு ஊர் நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் இருந்தால், அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். சம்பந்தமே இல்லாத ஊருக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது. உங்கள் கம்பெனிக்காக, லாப நோக்கில் வாங்கிய சேவை என்றால் நீங்கள் நுகர்வோர் இல்லை, கவனம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

சென்னை வாசகி: வெளிநாட்டுச் செயலி ஒன்றில் "சிங்கப்பூர் சட்டமே பொருந்தும்" என்று போட்டிருக்கிறார்கள். சந்தாவை ரத்து செய்தும் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் 2020-ன் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். ஆனால் இங்கே அலுவலகமோ சொத்தோ இல்லாதவரிடம் உத்தரவை நிறைவேற்றுவது கடினம். அதனால் முதலில் வங்கியில் அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி, கார்டு மூலம் போன தொகைக்குச் சார்ஜ்பேக் (வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள்.